ராசம்மாவின் பெருவிரல்

நேற்று பண்டாரவளையில், பலாக்காய் வெட்டிய கையோடு போனைத் திறக்கப் பார்த்தேன். விரலை வைத்தால் திறக்கவில்லை. துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன், ம்ஹூம். என் சொந்தப் போன், யாரடா நீ என்று என்னையே கேட்கிறது! கையில் பிசுக்கு ஒட்டினாலே எனக்குத் தேயிலைக் கொழுந்துச் சாற்றின் ஞாபகம் வரும். அது வந்தால் மடுல்சீமைத் தோட்டமும் ராசம்மாக்காவும் வருவார்கள்.

அப்போது நான் பதுளையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணிப் பேர் போடுவதற்கு, விரல் மெஷின் மாட்டிய காலம். நம்பரை அமுக்கி விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து பேர் விழும். பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆட்கள் மேல் சந்தேகம், ஆட்களுக்கு மெஷின் மேல் சந்தேகம். மெஷினைப் பார்க்கப் போன என் மேல் இரண்டு தரப்புக்கும் சந்தேகம். நானோ பிறவிச் சந்தேகப் பிராணி. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன்.

கொழுந்து கிள்ளும் ராசம்மாக்காவுக்கு அடிக்கடி அரைப்பேர். இனியும் பிந்தினால் வேலையை விட்டு நிறுத்துவதாகத் துரை சொல்லியிருந்தார். நிறுத்தினால் அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும்.

“பெரட்டுச் சங்கு ஊத முந்தியே வந்துர்றேன் தம்பி. அந்தப் பொட்டிதான் என்னைய நம்ப மாட்டேங்குது,” என்றார். கணக்கப்பிள்ளை தினமும் பார்த்ததுதான். ஆனால் மெஷின் சொன்னால்தான் துரை கேட்பார். எனக்கும் முழு நம்பிக்கை வரவில்லை.

மெஷினின் லாக் ஃபைலை எடுத்து வந்தேன். விரல் படும் ஒவ்வொரு தரமும் அது ஒரு வரி எழுதி வைக்கும்: யார், எப்போது, பச்சையா சிவப்பா. திறந்தால் கம்ப்யூட்டரே மூச்சுமுட்டி நின்றது, அவ்வளவு பெரிசு. குட்டி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். வரி வரியாகப் படி, கமாவில் வெட்டு, அக்காவின் நம்பர் இருந்தால் நேரத்தை மட்டும் எடு.

நேரங்கள் கொட்டின, சங்குக்கு முந்தியே தொடங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஸ்கிரிப்ட் பிழையோ என்று சந்தேகப்பட்டு விளக்கின் நிறத்தையும் சேர்த்து எடுத்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, கடைசியில் ஒரு பச்சை. அடப்பாவமே! துரைக்குப் போன ரிப்போர்ட்டில் அந்தப் பச்சை மட்டும்தான் இருந்தது. கிள்ளிக் கிள்ளி அக்காவின் விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது.

அந்த வரிகளை அச்சடித்துத் துரையிடம் கொடுத்தேன். பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீயும் லயத்துல பொறந்தவன்தானே? நீயே அடிச்சுக் கொண்டாந்திருப்ப.”

அக்காவை மெஷினுக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினேன். விரலை வைத்தார், சிவப்பு. சேலையில் துடைத்து வைத்தார், சிவப்பு.

“பாத்தீங்களா தொரை? தெனமும் இப்புடித்தான்,” என்றார். துரை கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த மாதமே அரைப்பேரெல்லாம் முழுப்பேராயின. காம்பராவும் தப்பியது.

அக்கா இப்போது இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. அந்த மெஷினையும் கழற்றிவிட்டார்கள். இப்போது முகம் பார்க்கிற மெஷினாம், அதையும் நான் நம்பவில்லை. விரல் மெஷினின் லாக் நிறைந்தால் பழைய வரிகளைத் தானே அழித்துக்கொள்ளும், அக்காவின் வரிகளும் அப்படியே போயின. ராசம்மாக்கா விடியுமுன் வந்து, விரலைத் துடைத்துத் துடைத்துச் சுவரோரம் நின்றார் என்பதற்கு இன்று நான் ஒருவன்தான் சாட்சி. என் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்?