வானத்தைச் செக்கிங் செய்த கதை

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தொழில். பனியன்களுக்குக் கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைத்துத் தருவேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் இன்னொரு வேலையும் கொடுத்து வைத்திருந்தேன். நான் சாப்பிட எழுந்தால் போதும், வேற்றுக்கிரகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அது தேட ஆரம்பித்துவிடும். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கி வானத்திலிருந்து பிடித்த ரேடியோ அலைகளை அங்குள்ள விஞ்ஞானிகள் துண்டு துண்டாக்கி, என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இணையம் வழியே அனுப்புவார்கள். நம் கம்ப்யூட்டர் அதை அலசி, கண்டதைத் திருப்பி அனுப்பும். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திரையில் ஓடும் வரைபடத்தில் உயரமான கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக எழுந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'திருப்பூரிலிருந்து எழுதுகிறேன்' என்று அந்த விஞ்ஞானிகளுக்குக் கடிதமே அடித்து வைத்துவிட்டேன். அனுப்பும் முன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்; நாள் முழுக்க நின்றபடி துணியில் பழுது தேடுபவள்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "ஒரே அளவுல தள்ளித் தள்ளி வருதுங்களே. துணியில இப்படி வந்தா நிட்டிங் மெஷின்லதானுங்க கோளாறு. ஒவ்வொரு சுத்துக்கும் அதே பழுது விழும். அவிங்க மெஷினை ஒருக்கா பாக்கச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு இணையத்தில் தேடிப் படித்தேன். ரேடார், செயற்கைக்கோள் என்று நம் மனிதர்களின் கருவிகளே இப்படிச் சீராகச் சத்தம் போட்டு ஏமாற்றுமாம். அவள் சொன்னதேதான். கடிதத்தை அழித்தேன். தேடலையும் நிறுத்தினேன். இத்தனை வருடமும் வெட்டி வேலை பார்த்திருக்கிறோம் என்று நொந்துகொண்டேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "ஏனுங்க நிறுத்தீட்டீங்க?"

"ஒண்ணும் கிடைக்கலையே."

"ஒருத்தர் பாத்தாத்தானுங்க துணியில பழுது இல்லைன்னே தெரியும்? நானும் நாள் பூரா அதைத்தானே பண்றேன். போடுங்க."

போட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவளுக்குக் காலம் முழுக்கக் கடமைப்பட்டவன்.

அதன் பிறகும் வருடக்கணக்கில் ஓடியது. சில வருடங்களுக்கு முன் அந்த விஞ்ஞானிகள் அலைத்துண்டுகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அகப்படவில்லை. தேடிய எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரி வந்திருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். அவளுக்கு நம்பவே முடியவில்லை.

"ஒண்ணும் கெடைக்காததுக்கா நன்றி சொல்றாங்க? எங்க கம்பெனியில பழுதைப் பாக்காம விட்டாத்தானுங்க கூப்புடுவாங்க."

நானும் இதுவரை அவளுக்கு நன்றி சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். "சும்மா இருங்க" என்று வெட்கப்பட்டவள், அந்த வரியை மட்டும் ஒரு லேபிளில் அச்சடித்துத் தரச் சொன்னாள். 'தேடிய எல்லோருக்கும் நன்றி' என்று அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அதைச் செக்கிங் மேசையில் ஒட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "அங்க எல்லாருக்கும் வேணுமாமுங்க. இன்னும் எட்டு அடிச்சுக் குடுங்க."