பின்சுவருக்கு ஒரு ஜன்னல்

எண்பதுகளில் நான் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். புது யோசனை வேண்டுமென்றால் எங்காவது ஒரு சின்ன ஹோட்டலில் போய்த் தங்குவேன். பிரிஞ்சாங் என்ற மலையூரில் அப்படித் தங்கியபோதுதான், அறைக் கணப்புக்கு விறகு கொண்டுவரும் ஒருவரைப் பார்த்தேன். கம்பளித் தொப்பி, புருவமெல்லாம் சாம்பல்.

விறகை இறக்கியதும் பெரிய ஜன்னலைச் சட்டைக் கையால் துடைப்பார். அதன் கீழிருந்த பலகையில் உட்கார்ந்து தேயிலை மலையைப் பார்ப்பார். தினமும் அப்படித்தான். நானும் அந்த ஜன்னலைத்தான் நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன்.

“எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க சார். தோட்டத்து லயத்துல எங்க வீட்டுப் பின்சுவரு மொட்டையா கெடக்கு. அந்தப் பக்கந்தான் மலை.”

சட்டம், பலகை, கொக்கி, அளவு எல்லாம் குறித்துக் கொடுத்தேன். “தச்சர்கிட்ட காட்டுங்கண்ணே, செஞ்சிடுவாரு.”

“வீடு தோட்டத்தோடது லா சார். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆபீஸ் கிராணிகிட்ட கேக்கணும்.”

“அப்புறம் எதுக்குப் படம்?”

“அந்தச் சுவத்துலயே ஒட்டிக்குவேன். பசைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

படத்தைத் திரும்ப வாங்கி அளவுகளை அழித்தேன். கண்ணாடிக்குள் மலையை வரைந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் பனி போடுங்க சார். காலையில அப்படித்தான் இருக்கும்.”

ரப்பரை எடுத்து, வரைந்த மலையில் பாதியை அழித்துக் கொடுத்தேன். அதை அவர் அவ்வளவு பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.