மூன்றாம் வகுப்புக் கட்டில்

ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. கணவருக்கு வடக்கே துறைமுக நகரமொன்றில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது நானும் கூடவே வந்து, அங்குள்ள கப்பல் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்களைத் தூக்கத் தேவையில்லை. இதுவும் போனால் என் இடுப்புக்கு வேறு வேலை கிடைக்காது என்று தெரியும். ஆனால் ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள்.

அருங்காட்சியகம் முழுவதும் ஒரே கப்பலைப் பற்றியது. அட்லாண்டிக்கைக் கடந்து நியூயோர்க்குக்கு ஆட்களை ஏற்றிய நீராவிக் கப்பல். அதன் கதையைச் சுவரில் வரிசையாகப் பலகைகளில் எழுதியிருந்தார்கள். துடைக்கும்போது நாளுக்கு ஒன்றாக வாசிப்பேன். என் ஜெர்மன் அவ்வளவுதான் ஓடும். கூட வேலை செய்த இன்னொரு தமிழ் அக்காவுக்கு அது பகிடி.

“என்னடி, கப்பல் இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

“இல்லையக்கா, இப்பதான் நிலக்கரி ஏத்துகினம்.”

மேல்தட்டில் பியானோவும் கண்ணாடிக் கூரையும் இருந்தன. பழைய விளம்பரப் படங்களில் அதைத்தான் காட்டினார்கள். ஆனால் கப்பலை நிரப்பியது கீழே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், அடுக்குக் கட்டில்களில் படுத்துப் போன சனம். பிறகு போர் வந்தது. வென்றவர்கள் கப்பலை எடுத்து, பெயரை அழித்து வேறு பெயர் எழுதி, அதே கடலில் திரும்பவும் ஓட்டினார்கள். ஏறினவர்கள் எல்லாரும் எங்கேயோ போய் இறங்கிவிட்டார்கள். கப்பல்தான் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பலகையில் அதை உடைக்கும் படம். புகைபோக்கி சரிந்து கிடந்தது. அதைத் துடைத்த அன்று எங்கேயாவது உட்கார வேண்டும் போல இருந்தது.

நடுவில் மூன்றாம் வகுப்பு அறையொன்றை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். நான்கு மரக் கட்டில்கள், கம்பளிகள், தகரக் குவளைகள், பழைய சப்பாத்துகள். அதைத் துடைப்பது அக்காவின் வேலை. ஒருநாள் அக்காவுக்குப் பல் வைத்தியர் நேரம் குறித்துக் கொடுத்த தேர்மின் இருந்தது. அவருக்குப் பதிலாக நான் உள்ளே போனேன். கம்பளிகள் கசங்கி நிலம்வரை தொங்கின. முதியோர் இல்லத்துப் பழக்கத்தில் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. நான்கு கட்டில்களையும் விரித்து, மூலைகளை மடித்து, தலையணைகளைத் தட்டி, சப்பாத்துகளைச் சோடி சேர்த்து வைத்தேன். வடிவாக இருந்தது.

பத்து மணிக்குக் காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி என்னைக் கூப்பிட்டார். அறை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இது கரை தெரிந்த காலை,” என்றார். “யாரோ கத்துகிறார்கள். எல்லாரும் போட்டது போட்டபடி மேலே ஓடுகிறார்கள். அதைத்தான் இந்த அறை காட்டுகிறது. உள்ளே பலகையில் இருக்கிறதே, வாசிக்கவில்லையா?”

அது நான் அதுவரை துடைக்காத பலகை.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. “திரும்பச் செய்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய படமொன்றைத் தந்தார். அதைப் பார்த்துப் பார்த்துக் கலைத்தேன். கலைத்த பிறகும் ஒழுங்காகத்தான் இருந்தது. பொறுப்பாளர் இல்லையென்று தலையை ஆட்டினார். திரும்பக் கலைத்தேன். அதுவும் சரிவரவில்லை.

அதற்குள் அக்கா வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தார்.

“எடி, நீ இந்தக் கப்பலிலை வந்திருந்தா, எல்லாற்றை கட்டிலையும் விரிச்சுப்போட்டுத்தான் அமெரிக்காவிலை இறங்கியிருப்பாய்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“கையாலை ஏலாது, பிள்ளை. படுத்து எழும்பு.”

பொறுப்பாளரிடமும் அவரே கேட்டார். அந்தப் பெண்மணி சரி என்றார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கீழ்க் கட்டிலில் படுத்து, கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். வைக்கோல் மெத்தை முதுகில் குத்தியது. விடிய நாலரைக்கு எழும்பினவள் நான். கண்ணை மூடினேன். உண்மையாகவே நித்திரையாகிவிட்டேன்.

“கரை தெரியுது!”

அக்கா கத்தியது எனக்கு முதியோர் இல்லத்து மணி போலக் கேட்டது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாய்ந்து எழும்பி ஓடி, வாசல் கயிற்றில் முட்டிக்கொண்டுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தால், கம்பளி பாதி நிலத்தில், தலையணை சுவரோடு. குனிந்து எடுக்கப் போனேன்.

“தொடாதீர்கள்!” என்றார் பொறுப்பாளர். “இதுதான். மற்ற மூன்றும் இப்படி வேண்டும்.”

மற்றக் கீழ்க் கட்டிலிலும் நானே படுத்து எழும்பினேன். மேல் கட்டில்கள் இரண்டிலும் அக்கா ஏறினார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டித் திட்டி.

பத்தாம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். அந்த அறையைத் துடைப்பதும் இப்போது நான்தான். கம்பளிகளில் கை படாமல் சுற்றிவரத் துடைத்துவிட்டு வருவேன். பார்க்க வருகிறவர்கள் பலகையை வாசித்துவிட்டு, நான் நித்திரையாகிப் பயந்து எழும்பிய கீழ்க் கட்டிலுக்கு முன்னால் நின்றுவிடுகிறார்கள். கரையைக் கண்ட சந்தோசம் என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை நான் வாளியோடு ஒதுங்கி நிற்பேன்.