நட்சத்திரங்களுக்குப் பிசிறு வெட்டியது

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பனியன் கம்பெனி, மடத்துக்குளத்தில் நூல் மில், கேரளத்தில் மீன் பதப்படுத்தும் ஷெட் என்று எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினதில்லை. படித்த பாடம் எதுவும் மனதில் இல்லை. ஒபியோத்ரிக்ஸ் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

கடலுக்கடியில் வாழும் ஓர் இனத்தின் பெயர் அது. நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை. தொட்டால் கை ஒடிந்துவிடும் என்பதால் நொறுங்கு நட்சத்திரம் என்பார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது சித்தி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அதைக் கொண்டுவந்தாள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பனியன் கம்பெனியில் அப்பாவுக்குத் துணி பின்னும் நிட்டிங்கில் வேலை, அம்மாவுக்குக் குறை பார்க்கும் செக்கிங்கில். சித்தி அம்மாவின் தங்கை. விலங்கியல் மேல்படிப்பில் கடைசி வருஷம். ஊரில் இருந்தால் வாரம் ஒருவர் பெண் பார்க்க வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள், ஆய்வை எழுத முடியவில்லை என்று ஒரு மாதத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். இந்த வருஷமே முடித்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கல்யாணம் என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார். பகலில் அம்மாவோடு கம்பெனிக்குப் போவாள். சாயங்காலம் டப்பாவைத் திறப்பாள்.

உள்ளே பஞ்சில் பொதிந்து நாற்பது இருந்தன, எல்லாம் காய்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய ஒரு சீட்டு. நடுவில் காசளவு வட்டு, அதிலிருந்து ஐந்து நீண்ட கைகள், கைகளின் இரு பக்கமும் கண்ணாடிச் சில்லு போல முட்கள். வீட்டுக்காரம்மா வாடகை விஷயமாக வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் புள்ள என்னத்த வெச்சிருக்குது? காஞ்ச பூரானுங்களா?" என்று கேட்டார்.

"படிப்புங்க," என்றாள் அம்மா.

"படிப்புங்களா? நாறுதுங்களே கண்ணு."

சித்தி ஒன்றைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். அடிப்பக்கம் நடுவில் வாய் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து தாடைகள். "இங்க பாருட்டி. தாடை நுனியில மட்டும் பல்லு கொத்தா இருக்கா? ஓரத்துல ஒண்ணும் இல்லல்லா? அப்பம் எந்தக் குடும்பம்னு தெரிஞ்சுபோச்சு. முள்ளு கண்ணாடி மாதிரி இருந்து, வட்டு மேலயும் குட்டி முள்ளு இருந்துட்டுன்னா ஒபியோத்ரிக்ஸ்." பேர் தெரிய வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பின்வழி கிடையாது, தின்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாயால்தான் என்றும் சொன்னாள்.

"எங்க சூப்பர்வைசரும் அந்தக் குடும்பந்தான்," என்றாள் அம்மா. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் ஒன்றைச் சித்தி எனக்குச் சொல்லாமல் விட்டாள். மீனோ நண்டோ பிடித்தால் இது அந்தக் கையை ஒடித்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். ஒடிந்த இடத்தில் புதுக் கை முளைக்கும்; கொஞ்சம் மெலிந்து, வெளிறி. எந்த நட்சத்திரம் எத்தனை கை இழந்தது, எங்கே ஒடிந்தது, எவ்வளவு முளைத்தது என்று அளந்து எழுதுவதுதான் சித்தியின் ஆய்வு. பதினொன்றை அளந்திருந்தாள். மீதியை அளந்து, திங்கட்கிழமை பஸ் ஏறி, டப்பாவோடு கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த படிப்பு வேறு. அம்மா கம்பெனியிலிருந்து பண்டல் கொண்டுவருவாள். பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்ன டிரிம்மரால் வெட்டுவது என் வேலை. பிசிறு வெட்டுவது என்போம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் ரிஜெக்ட். உடம்பு ஒரு நிறம், கை வெளிறின நிறம் என்றால் அது ஷேட். அந்தப் பனியன் செகண்ட்ஸ் என்று பாதி விலைக்குப் போய்விடும். பாவம் பார்க்கக் கூடாது என்பாள் அம்மா.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஷிப்மெண்ட் என்று அம்மாவும் சித்தியும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. எல்லாவற்றிலும் ஒரு கையாவது குட்டை, ஒரு கையாவது ஷேட். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சித்திக்கு ரிஜெக்ட்தான் என்று எனக்குப் பதறியது. டிரிம்மரை எடுத்தேன். வெளிறின இடத்தை அது தொடங்கும் இடத்திலேயே நறுக்கினேன். பிறகு மற்றக் கைகளையும் அதே அளவுக்கு வெட்டினேன். பனியன் நூலைவிடச் சுலபமாக வந்தது. நாற்பதையும் முடித்து அதனதன் சீட்டின் மேல் வைத்தேன். வெட்டியதைக் கூட்டி அள்ளி வேஸ்ட் சாக்கில் போட்டேன். மத்தியானம் வேஸ்ட்காரர் வந்து சாக்கை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் சித்தி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"யாருட்டி செஞ்சா?"

"நான்தான் சித்தி. எல்லாம் ஒரே அளவு. ஒண்ணுலகூட ஷேட் இல்ல."

அம்மா கை ஓங்கினாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதக்கா. நாமதானே சொல்லிக்குடுத்தோம்." பிறகு ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினாள். "நல்லாத்தான் வெட்டியிருக்கா. பிசிறே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். "பேரு இப்பவும் சொல்லிரலாம்க்கா. வாய் இருக்குல்லா. அது என்ன பாடு பட்டுச்சுங்கிறதுதான் போயிட்டு," என்றாள்.

சாயங்காலம் பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் தன் கல்லூரிப் பேராசிரியரிடம் பேசினாள். நான் அவள் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆமா சார். டப்பா கைதவறி விழுந்துட்டு சார். இல்ல சார், என் தப்புதான். இன்னொரு வருஷம்னா வீட்டுல விட மாட்டாங்க சார்." டப்பா எங்கே விழுந்தது? சித்தி பொய் சொல்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் அம்மாவுக்குப் பக்கத்து டேபிளில் நிரந்தரமாகச் செக்கிங் பார்த்தாள். அடுத்த தையில் வெள்ளகோவிலில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரருக்கு அவளைக் கொடுத்தார்கள். டப்பாவில் இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறாள். போன முறை போனபோது எனக்கு அதிலிருந்து எடுத்துத்தான் தாளித்தாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் கண் விழித்தபோது சித்தியின் பை ஆணியிலேயே தொங்கியது. அவள் ஊருக்குப் போகவில்லை. எனக்குத் தலைவாரி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் குதித்துக்கொண்டு போனேன். நான் வெட்டிக்கொடுத்தது அவ்வளவு சுத்தமாக இருந்ததால், அவள் அங்கே போய் முடிக்க வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.