பத்து மணிக்குத் திறக்கும் கேட்டு

வாத்தியார் உத்தியோகத்தில் பாடம் நடத்துவதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. அதற்கு மேல் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாலும் விளக்கம் கேட்பார்கள். சாக்பீஸ் தூசி தின்று காலம் தள்ளும் சக வாத்தியார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறு மணிச் சங்கு

ராயபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் திறப்பது பத்து மணிக்கு. ஆலைச் சங்கு ஊதுவது ஆறு மணிக்கு. அப்பா ஆலைக்கும் அம்மா மீன் ஏலத்துக்கும் போகிற வீடுகளில், சங்கு ஊதியதும் பிள்ளையைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக் கேட்டு வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். எதிரே துறைமுகத்து லாரிகள் ஓடுகிற ரோடு.

பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், ஹெட்மாஸ்டரிடம் சாவி வாங்கி நானே காலையில் திறந்தேன். சாயங்காலமும் ஆறு மணி வரை வைத்துக்கொண்டேன். கதை சொல்வோம், கல்லாட்டம் ஆடுவோம், எழுத்துக் கூட்டிப் படிப்போம். மீன்காரி முனியம்மாவின் மகள் செங்கேணி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குப் படிப்பு வந்தது. முனியம்மா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துச் சொன்னாள்: "வூட்ல வுட்டா அடுப்பாண்ட போவும், கடலாண்ட போவும். உன்னாண்ட வுட்டாதான் எனக்குக் கூவி விக்க தொண்டை வருது டீச்சரம்மா."

சக ஆசிரியர்

என்னோடு வேலை பார்த்த மூன்றாம் வகுப்பு வாத்தியார் பத்து மணி அடிக்கும் முன் வந்தது கிடையாது. அவர் கேட்டார்: "நீங்க டீச்சர் டிரெயினிங் படிச்சீங்களா, ஆயா டிரெயினிங் படிச்சீங்களா?"

நான் போட்ட நோட்டு

வினை என் கையாலேயே வந்தது. பெருமை தாங்காமல் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அட்டெண்டன்ஸ் நோட்டுப் போட்டேன். வாத்தியார் புத்தி, வேறென்ன? இன்ஸ்பெக்டர் வந்த அன்று நானே அதை எடுத்து நீட்டினேன்.

அவர் பாராட்டவில்லை. பள்ளி நேரம் அல்லாத வேளையில் கேட்டுக்கு உள்ளே ஒரு பிள்ளை விழுந்தால் யார் ஜவாப்தாரி என்றார். சாவி அன்றே ஹெட்மாஸ்டரிடம் திரும்பிப் போயிற்று. லாரி ஓடுகிற ரோட்டில் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கேட்டுக்கு வெளியே விழுந்தா நம்ம பொறுப்பு இல்லையே அம்மா."

மீன் கூடை

முனியம்மா நாலு நாள் பார்த்தாள். லாரிக்குப் பயந்து, ஐந்தாம் நாளிலிருந்து செங்கேணியையும் ஏலத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். ஏலம் முடிந்து தெருத்தெருவாக விற்று வரும்போது பத்து மணி எப்போதோ தாண்டியிருக்கும். வராத பிள்ளை என்று பெயரை அடித்துவிட்டார்கள்.

ஒருநாள் சந்தில் பார்த்தேன். பெண் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். முனியம்மாதான் பேசினாள்: "கேட்டைத் தொறந்தா சொல்லி அனுப்பு டீச்சரம்மா. சங்கு மட்டும் தெனம் ஊதிக்கினுதான் கீது."

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பிள்ளைகூட விழவில்லை என்று ரிப்போர்ட் போயிற்று, அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.