கை நடுங்காத துப்பாக்கி

தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு ஏசி பழுதுபார்க்கப் போனபோது அங்கிருந்த விற்பனையாளரைப் பார்த்தேன். நம்ம ஊர்க்காரர். கசங்காத சட்டை, கையில் மஞ்சள் துணி. துப்பாக்கியை யார் தொட்டாலும் உடனே கைரேகையைத் துடைத்துவிடுவார்.

முதல் கைத்துப்பாக்கி வாங்க வந்த அரபு இளைஞரிடம் குண்டில்லாத துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, தரை துடைத்துக்கொண்டிருந்த வங்காளியைக் குறிபார்க்கச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குறிபாக்க சுவரு இல்லையாண்ணே?"

"சுவத்தப் பாத்து யாருக்குத் தம்பி கை நடுங்கும்? ஆளப் பாத்தும் நடுங்காம நிக்கிறதுதான் புதுசா வாங்குறவருக்குச் சரி."

"அப்ப நீங்க போய் நில்லுங்க."

"நான் நின்னா யாவாரத்த யாரு பாக்குறது?" கோபமே இல்லாமல் கேட்டார்.

மூன்றாவது துப்பாக்கியில் இளைஞரின் கை நடுங்கவில்லை. அதையே வாங்கினார். விற்பனையாளர் அதைப் பூப்போலத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மாப்புக் கம்பு நடுங்க நின்ற வங்காளியிடம் திரும்பி, "ஜல்தி, பாய்" என்று அவசரப்படுத்தினார்.