வலப்பக்கத்து வலி

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வசனம்: "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க." அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'இழுபிடி அக்கா' என்றே பெயர். வீட்டில் சண்டை முற்றினால் கணவரும் கிண்டல் செய்வார்: "இழுப்பே, பிடிப்பே, விட மட்டும் மாட்டியே!" உண்மைதான். அக்காவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது.

படம் எடுக்கும் முன் எக்ஸ்ரே தட்டின் ஓரத்தில் வலம், இடம் காட்டும் ஈய எழுத்து ஒன்றை ஒட்டுவது அக்காவின் வழக்கம். அந்த எழுத்தும் படத்தில் விழுந்துவிடும். எது எந்தப் பக்கம் என்று அப்புறம் யாரும் குழம்ப வேண்டாம். புது மெஷின் வந்ததும் கண்காணிப்பாளர் அதை நிறுத்தச் சொன்னார். "கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா எழுத்து விழுது. எதுக்கு நேரத்தை வீணாக்கறீங்க?" அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அன்று காலை, முந்தைய ஷிஃப்டில் வார்டுக்கே மெஷினைத் தள்ளிப்போய் எடுத்த படங்களை அக்கா சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் டிரைவரின் மார்புப் படம். இடது நுரையீரல் முழுக்க வெள்ளை, நீர் கோத்திருக்கிறது. ஆனால் இரைப்பையின் காற்றுக் குமிழ் வலப்பக்கம் தெரிந்தது. மனுஷனுக்கு இரைப்பை இடப்பக்கம் அல்லவா? முன்னாலிருந்து எடுத்ததைப் பின்னாலிருந்து எடுத்ததாக யாரோ கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறார்கள். மெஷினும் சமர்த்தாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டது. எழுத்தைத் திரும்பிய படத்தின் மேல் போட்டதால் அது தப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வார்டுக்கு போன் அடித்தார். எடுப்பார் இல்லை. அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாடி ஓடினார்.

டாக்டர் கையுறை மாட்டி, ஊசி போட்டு நீரை எடுக்க டிரைவரின் இடது விலாவில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். ஊசி இறங்கினால் அந்த மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே நல்ல நுரையீரலும் போய்விடும்.

"நிறுத்துங்க டாக்டர்! படம் திரும்பியிருக்கு. நீர் வலப்பக்கம்."

"படம் என் கண்ணு முன்னால இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"படத்தைப் பாத்தீங்க, ஆளைப் பாத்தீங்களா? நெஞ்சைத் தட்டிப் பாருங்க."

மூலையில் நின்ற டிரைவரின் மனைவிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "வலது பக்கம்தான் வலிக்குதுன்னு வந்ததுலேர்ந்து சொல்றாருங்க. படத்துல அப்படி இல்லேன்னுட்டாங்க."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிருள்ள மனிதன் வாய்விட்டுச் சொல்வது பொய், திரையில் தெரிவது வேதவாக்கு! நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ளத்தானே படம்? அவன் வாயை அடைக்கவா?

டாக்டர் தட்டிப் பார்த்தார். வலப்பக்கம் மரக்கட்டையைத் தட்டியது போலிருந்தது. நீர் அங்கேதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றரை லிட்டர் நீர் இறங்கியது. மூச்சு வாங்காமல் டிரைவர் தண்ணீர் கேட்டார்.

அக்காவை யாராவது பாராட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மூன்றாம் நாள் மெமோ வந்தது. அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு அகன்றாராம், நோயாளி முன்னால் டாக்டரிடம் குரலை உயர்த்தினாராம். மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். திரும்பிய படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா," என்றார் கண்காணிப்பாளர். "இதோட முடிஞ்சிடும்."

"எழுதறேன் சார். ரூமைப் பூட்டிட்டு ஓடினேன், கத்தினேன். எதுக்கு ஓடினேன்னும் எழுதுவேன். எழுத்தை ஒட்ட வேணாம்னு சொன்னது யாருன்னும் எழுதுவேன். ஒரு காப்பி அந்த டிரைவர் சம்சாரத்துக்கு."

மெமோவைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் கை நீண்டது. அக்கா பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார். இன்னும் முதல் வரியே எழுதல."